கையுறையில் இருந்த ஆன்டிஆக்சிடன்ட்

1939இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்ற மூவர் ஒரு சிறு அறிக்கை எழுதினார்கள். தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்த தொழிலாளர்களைப் பற்றியது அது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கைகளும் முன்கைகளும் வெளுத்துப்போயிருந்தன. பார்த்தால் வெண்புள்ளி நோயேதான். பதனிடும் தொட்டியில் இருந்த ரசாயனங்களின் மேல்தான் யாருக்கும் முதலில் சந்தேகம் போகும். விசாரித்துக்கொண்டே போனபோது அந்த ரசாயனங்களிலிருந்து கையைக் காப்பாற்றிய கையுறையே காரணம் என்று தெரிந்தது. ரப்பரில் கலந்திருந்த மோனோபென்சோன் என்ற பொருள் தோலுக்குள் இறங்கி நிறத்தை அழித்திருந்தது.

அந்தப் பொருளை ரப்பரில் ஏன் கலந்தார்கள்? ரப்பர் நாளடைவில் காற்றிலுள்ள ஆக்சிஜனால் வெடித்து, இறுகி, பொடிந்துபோகும். அதைத் தடுக்கச் சேர்த்த ஆன்டிஆக்சிடன்ட் அது. இன்று மருந்துக்கடைப் புட்டிகளிலும், முகப் பூச்சுகளிலும், பழச்சாறு விளம்பரங்களிலும் நன்மையின் மறுபெயராக வலம்வருகிற அதே சொல்தான். வெண்புள்ளி வந்த ஒருவர் இன்று இணையத்தில் தேடினால் அவருக்கு முதலில் விற்கப்படுவதும் ஏதோ ஒரு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையாகத்தான் இருக்கும். நோயில் ஆக்சிஜனேற்றத்துக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. அதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அந்த உண்மையிலிருந்து மாத்திரைக்குப் போகும் வழி நேரான வழி இல்லை. அது எங்கெங்கே வளைகிறது என்று பார்ப்பதற்கு இந்தக் கையுறை நல்ல தொடக்கம்.

ஆன்டிஆக்சிடன்ட் என்பது என்ன வேலை செய்கிறது? ஆக்சிஜனேற்றம் என்றால் ஒரு மூலக்கூறு தன் எலக்ட்ரானை இழப்பது. ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் ஃப்ரீ ராடிக்கல் எதிரே வருவதிடமிருந்தெல்லாம் பிடுங்கப் பார்க்கும். ஆன்டிஆக்சிடன்ட் முன்னால் போய்த் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது. அதாவது மற்றவை ஆக்சிஜனேற்றம் ஆகும் முன் அது தானே ஆக்சிஜனேற்றம் ஆகிறது. அப்படி ஆனபின் அது என்னவாக மாறுகிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. வைட்டமின் சி, கொடுத்தபின் ஓரளவு சாதுவான பொருளாக மாறும். செல் அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் செய்யும். மோனோபென்சோன் குயினோனாக மாறும். குயினோன் அருகிலுள்ள புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்கிற, வினைவேகம் மிகுந்த பொருள். ரப்பருக்குள் இதனால் தொல்லை இல்லை. உயிருள்ள செல்லுக்குள் நிலைமை வேறு. அதிலும் நிறமிச் செல்லுக்குள் முற்றிலும் வேறு.

நிறமிச் செல்லான மெலனோசைட்டைப் பற்றி நாம் பொதுவாக மிகக் குறைவாகவே யோசிக்கிறோம். கருவில் முதுகுத்தண்டு உருவாகும் இடத்துக்கு அருகே, நரம்புகளுக்கும் பிறப்பிடமான பகுதியில் பிறந்து, உடலெங்கும் பயணம் செய்து, மேல்தோலின் அடி அடுக்கில் வந்து குடியேறும் செல் இது. ஒரு மெலனோசைட் கிளை கிளையாகக் கைநீட்டித் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு நிறமியை வழங்குகிறது. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் இவற்றின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் மாறுகின்றன. வழங்கப்பட்ட நிறமி, தோல் செல்லின் உட்கருவுக்கு மேலே குவிந்து வெயிலிலிருந்து மரபணுப் பொருளைக் காக்கிறது. உடல் முழுவதற்கும் வெயில்காப்பு தருவது இந்தச் சிறுபான்மைச் செல்கள்தான்.

அந்த மெலனின் தயாராகும் விதம் ஆபத்தானது. டைரோசின் என்ற சாதாரண அமினோ அமிலத்தை, செம்பு அணுக்களைத் தாங்கிய டைரோசினேஸ் என்ற நொதி, ஆக்சிஜனைக் கொண்டு படிப்படியாக மாற்றுகிறது. முதல் படிகளிலேயே டோபாகுயினோன் பிறக்கிறது. மேலே சொன்ன அதே குயினோன் குடும்பம். வழியில் ஹைட்ரஜன் பெராக்சைடும் சூப்பர்ஆக்சைடும் உதிர்கின்றன. மெலனின் உற்பத்தி முழுவதுமே கட்டுக்குள் வைத்து நடத்தப்படும் ஓர் ஆக்சிஜனேற்றம்தான். திராவகத்தைத் தனிச் சாடியில் வைத்து, மற்ற எதன் மேலும் சிந்தாமல் வேலை பார்க்கிற நகைப் பட்டறை ஆசாரியைப்போல, செல் இந்த வேலையை மெலனோசோம் என்ற சிறு பைக்குள் அடைத்து நடத்துகிறது. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க இது பழுதில்லாமல் நடந்துவிடுகிறது. எனக்கு வியப்பு அதில்தான். உலகில் நூற்றுக்கு அரை முதல் இரண்டு பேருக்கு வெண்புள்ளி வருகிறது என்கிறார்கள். இத்தனை அபாயமான தொழில் செய்யும் செல், மீதி 98 பேரிடம் எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்பதும் விளக்கம் கேட்கும் கேள்விதான்.

இந்தத் திசையில் முதலில் தெளிவாக யோசித்தவர்களில் ஒருவர், யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர். 1958இல் மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு மெலடோனின் என்று பெயர் வைத்தவர் அவர். இன்று தூக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் அந்த ஹார்மோனை அவர் தேடிப்போனது தோலின் நிறத்தை மாற்றும் பொருள் கிடைக்கும் என்ற எண்ணத்தில். தவளையின் தோலை அது வெளுக்க வைத்தது. மனிதத் தோலில் எதுவும் நடக்கவில்லை. 1971இல் அவர் வெண்புள்ளியையும் நரையையும் ஒன்றாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மெலனின் தயாரிப்பின்போது பிறக்கும் நச்சுப் பொருள்களிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு பழுதாகும்போது மெலனோசைட் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. பிறகு 1987இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ராமையாவும் உடன் பணியாற்றியவர்களும், வெண்புள்ளி உள்ளவர்களின் மெலனோசைட்டுகளைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்துப் பார்த்தார்கள். அவை வளரத் தொடங்கவே தாமதித்தன. உடலையும் நோயெதிர்ப்பு மண்டலத்தையும் விட்டுத் தள்ளிவந்த பிறகும் அந்தச் செல்கள் தடுமாறின என்றால், கோளாறின் ஒரு பங்காவது செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்றுதானே பொருள்.

கோளாறு எங்கே என்பதற்கு ஒரு பதில் 1991இல் வந்தது. காரின் ஷால்ராய்ட்டர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவரும் ஜான் வுட் என்ற உயிர்வேதியியலாளரும் வெண்புள்ளி உள்ளவர்களின் மேல்தோலில் கேட்டலேஸ் நொதி குறைந்திருப்பதாக அறிவித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் நொதி கேட்டலேஸ். அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் பெராக்சைடு மூலக்கூறுகளை லட்சக்கணக்கில் உடைத்துத் தள்ளும். புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் பொங்கி நுரைக்கிறதே, அது நம் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸின் வேலை. 1999இல் அதே குழுவினர், தோலைக் கிழிக்காமல் ஒளிச்சிதறலை வைத்தே மூலக்கூறுகளை அடையாளம் காணும் ராமன் நிறமாலை முறையைக் கொண்டு, வெண்புள்ளி உள்ளவர்களின் தோலில் பெராக்சைடு மில்லிமோல் அளவுக்குச் சேர்ந்திருப்பதாகக் காட்டினார்கள். சாதாரணமாகச் செல்லுக்குள் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். ராமன் விளைவு 1928இல் கொல்கத்தாவில் கண்டறியப்பட்டபோது அது ஒருநாள் மனிதத் தோலின் மேல் திருப்பப்படும் என்று யார் நினைத்திருப்பார்கள்.

பெராக்சைடு குறைவாக இருக்கும்வரை உடலுக்கு வேண்டிய பொருள். செல்கள் அதைச் செய்தி அனுப்பப் பயன்படுத்துகின்றன. அளவு மீறும்போது அதை அடக்க வேண்டிய கேட்டலேஸையே அது தாக்கிச் செயலிழக்கச் செய்கிறது. அப்புறம் பெராக்சைடு இன்னும் சேர்கிறது. மெலனின் தயாரிப்புக்குத் தேவையான டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருளையும் அது ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. அப்படிக் கெட்டுப்போன பயோப்டெரின்கள் புறஊதா ஒளியில் ஒளிரும் இயல்புடையவை. தோல் மருத்துவர் அறையை இருட்டாக்கி வுட்ஸ் விளக்கின் புறஊதா ஒளியைக் காட்டும்போது வெண்புள்ளி பளீரென்று நீலம் கலந்த வெண்மையில் தெரிவதற்கு அவையும் ஒரு காரணம் என்று ஷால்ராய்ட்டர் குழுவினர் விளக்கினார்கள். கண்ணால் பார்க்கும் ஒளியாகவே ஆக்சிஜனேற்றம் வெளிப்படுகிறது என்ற இந்த விளக்கம் என்னைப் பலநாள் ஆட்கொண்டிருந்தது.

நோயின் இடமும் காரணமும் தெரிந்துவிட்டது என்றால் மருந்தும் எளிதாகக் கிடைக்க வேண்டும். கேட்டலேஸ் வேலையைச் செய்யும் மாங்கனீசுச் சேர்மம் ஒன்றைச் செய்து, போலிக் கேட்டலேஸ் என்று பெயரிட்டு, களிம்பாக்கி, புறஊதா ஒளியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஷால்ராய்ட்டர் குழுவின் ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. வேறு இடங்களில் முயன்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. 2009இல், நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது வெறும் களிம்பு என்று தெரியாதபடி நடத்திய ஆய்வில், ஒளிச் சிகிச்சையோடு போலிக் கேட்டலேஸ் சேர்த்தவர்களுக்கும் வெறும் களிம்பு பூசியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இந்த முடிவை நான் தோல்வியாக மட்டும் பார்க்கவில்லை. பெராக்சைடு மட்டுமே நோய் என்றால் பெராக்சைடை அகற்றினால் நோய் போயிருக்க வேண்டும். அதற்கு மேல் வேறொன்று இருக்கிறது. இன்னொரு கேள்வியும் அப்படியே நின்றது. 1991 ஆய்வில் கேட்டலேஸ் குறைந்திருந்தது வெளுத்த இடத்தில் மட்டுமல்ல, அதே ஆளின் நிறம் மாறாத தோலிலும்தான். அப்படியானால் உடல் முழுதும் வெளுக்காமல் ஏன் புள்ளி புள்ளியாக வெளுக்கிறது?

இதற்கான விடையின் ஒரு துண்டு மறுபடியும் கையுறையிலிருந்து கிடைத்தது. மோனோபென்சோனின் அமைப்பு டைரோசினை ஒத்தது. டைரோசினேஸ் நொதி அதைத் தன் இயல்பான மூலப்பொருள் என்று எடுத்துக்கொண்டு குயினோனாக மாற்றுகிறது. மற்றத் தோல் செல்களில் டைரோசினேஸ் கிடையாது. அதனால் அவை தப்பித்துக்கொள்கின்றன. மெலனோசைட் தன் தொழிலுக்கான கருவியாலேயே நஞ்சைச் செய்துகொள்கிறது. பிறந்த குயினோன், டைரோசினேஸ் புரதத்தின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ள, உடல் இதுவரை கண்டிராத உருவம் ஒன்று உண்டாகிறது. நோயெதிர்ப்புச் செல்களின் பார்வையில் அது அந்நியம். மோனோபென்சோன் படாத இடத்திலும் பின்னாளில் வெளுப்பு தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறார்கள். இந்தக் கொடுமையான ஆற்றல் இன்று ஒரு சிகிச்சையாகவும் இருக்கிறது. உடலில் பெரும்பகுதி வெளுத்துப்போய், மீதியிருக்கும் கறுப்புத் திட்டுகளையும் ஒன்றாக்கிவிட விரும்புகிறவர்களுக்கு மோனோபென்சோன் களிம்பைத்தான் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள்.

ஜப்பானில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. ரோடோடெண்ட்ரால் என்ற பொருள் சில மரங்களின் பட்டையில் இயற்கையாக இருப்பது. டைரோசினேஸின் வேலையைத் தடுத்து முகத்தைப் பளிச்சிட வைக்கும் என்று சொல்லி, 2008இல் அரசு அனுமதி பெற்று, கனேபோ நிறுவனம் அதைப் பூச்சுகளில் சேர்த்து விற்றது. சுமார் 8 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். 2013 ஜூலையில் நிறுவனம் அவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்குள் பல்லாயிரம் பேருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெள்ளைத் திட்டுகள் வந்துவிட்டன. கணக்கெடுத்தபோது 18,000க்கும் மேற்பட்டவர்கள். ஆராய்ந்தபோது தெரிந்தது, டைரோசினேஸைத் தடுக்க வந்த பொருளை டைரோசினேஸே பிடித்துக் குயினோனாக மாற்றியிருந்தது என்பது. பயன்படுத்தியவர்களில் ஐம்பதுக்கு ஒருவர் அளவில்தான் பாதிக்கப்பட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே நஞ்சைச் சிலருடைய செல்கள் சமாளித்தன, சிலருடையவை சமாளிக்கவில்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில், அதே வட்டத்தில், நெற்றி வெளுத்துப்போன பெண்களைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. பொட்டின் பின்புறப் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் டைரோசினைப்போலத் தோற்றம் காட்டும் பொருள். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில் வெளுப்பதும் இப்படித்தான். 2009இல் கொல்கத்தாவில் ரசாயனத்தால் நிறமிழந்த 864 பேரை ஆராய்ந்து ஒரு பெரிய அறிக்கை வெளிவந்தது. அதில் முதலிடம் முடிச்சாயத்துக்கு. வாசனைத் திரவியம், சலவைத் தூள், ஒட்டுப்பொட்டு, ரப்பர் செருப்பு என்று பட்டியல் நீள்கிறது. எல்லாமே வீட்டில் இருப்பவை. ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியதும் கோயில் குளம் என்று அலைவதற்கும், ஜாதகத்தைத் தூக்குவதற்கும் முன்னால், அந்த இடத்தில் தினமும் என்ன படுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் சிலருக்காவது அங்கேயே வழி கிடைத்துவிடும். ஆரம்பத்திலேயே பொருளை நிறுத்தினால் நிறம் திரும்புவதும் உண்டு.

உராய்வுக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறது. பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில், பெல்ட் அழுந்தும் இடத்தில், முழங்கை முழங்காலில் புள்ளிகள் விரும்பி வருகின்றன. மெலனோசைட்டைப் பக்கத்துச் செல்களோடு பிணைத்து வைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் வெண்புள்ளி உள்ளவர்களின் தோலில் குறைந்திருப்பதாகவும், ஆக்சிஜனேற்ற அழுத்தமும் உராய்வும் சேரும்போது மெலனோசைட் பிடி விட்டு மேலே தள்ளப்பட்டுப் போய்விடுவதாகவும் 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெராக்சைடு தோல் முழுதும் இருந்தாலும் வெளுப்பு சில இடங்களில் மட்டும் தொடங்குவது ஏன் என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

தொடங்கிய வெளுப்பு பரவுவதற்கோ, நோயெதிர்ப்பு மண்டலம் வந்தாக வேண்டும். துன்பத்தில் இருக்கும் மெலனோசைட் சும்மா சாவதில்லை. அதன் புரத உற்பத்தி குழம்பி, ஆபத்தைத் தெரிவிக்கும் பொருள்களை வெளியே விடுகிறது. அவற்றில் ஒன்றான எச்.எஸ்.பி.70ஐ கரோலின் லெ பூல் என்ற ஆய்வாளரின் குழு பலகாலம் பின்தொடர்ந்தது. அதன் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி அமைத்த வடிவத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது நோய் நின்றது என்று 2013இல் அறிவித்தார்கள். ஆபத்துச் செய்தியைக் கேட்டு வரும் சி.டி.8 டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் மெலனோசைட்டைத் தேடிக் கொல்கின்றன. கொல்லும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் பொருளைச் சுரக்கின்றன. அது சுற்றியுள்ள தோல் செல்களைத் தூண்ட, அவை மேலும் டி செல்களை வரவழைக்கும் பொருள்களை அனுப்புகின்றன. இந்தச் சுற்று ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், அதைத் தொடக்கிய பெராக்சைடை அப்போது போய் அகற்றுவதில் பெரிய பயன் இல்லை. போலிக் கேட்டலேஸ் ஏமாற்றியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். ஆக்சிஜனேற்றம் நோயைத் தொடக்கி வைக்கிறது. நிலைக்க வைப்பது டி செல்.

இதே டி செல்கள் இன்னொரு பக்கம் காவலாகவும் இருக்கின்றன. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற நிறமிப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறது. மெலனோமாவுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு வெண்புள்ளி தோன்றினால், மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவர்கள் மகிழ்கிறார்கள். மரபணுக்களும் இப்படியே பேசுகின்றன. டைரோசினேஸ் மரபணுவில் வெண்புள்ளிக்கு இழுக்கும் வடிவமும் மெலனோமாவுக்கு இழுக்கும் வடிவமும் எதிரெதிரானவை. ஆனாலும் மரபணு மட்டும் தீர்ப்பு எழுதிவிடுவதில்லை. ஒரே மரபணுத் தொகுதி கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வெண்புள்ளி வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு 23 பேருக்குத்தான் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. மீதியைச் செய்வது வாழ்க்கையில் படும் பொருள்களும் சூழலும். தொற்றுவது என்ற பேச்சுக்கு இடமே இல்லை. தொட்டாலும், சேர்ந்து உண்டாலும், மணந்தாலும் வராது.

அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள்? வீண் என்று ஒதுக்கிவிட முடியாத சில ஆய்வுகள் இருக்கின்றன. சண்டிகரில் பர்சாதும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாகப் பரவும் வெண்புள்ளி கொண்டவர்களுக்கு கிங்கோ பைலோபா இலைச்சாற்றை 40 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை கொடுத்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிகம் பேருக்கு நோய் பரவுவது நின்றது. 10 பேருக்கு நிறம் நன்றாகத் திரும்பியது. வெற்று மாத்திரைக் குழுவில் அப்படித் திரும்பியது 2 பேருக்கு. ரோமில் டெல்லானாவும் பிகார்டோவும் 2007இல் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் அடங்கிய கலவையை ஒளிச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது, முக்கால் பங்குக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் 47 சதவீதம். கலவை இல்லாமல் ஒளி மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதம். பிரான்சின் நீஸ் நகரில் முலாம்பழத்திலிருந்து எடுத்த சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியை ஒளியோடு கொடுத்த 2021 ஆய்விலும் ஒளி மட்டும் பெற்றவர்களைவிட முன்னேற்றம் கூடியிருந்தது.

எல்லாம் சிறிய ஆய்வுகள். சிலவற்றில் ஐம்பது பேர்கூட இல்லை. ஒன்றில் கொடுத்தது இலைச்சாறு, ஒன்றில் வைட்டமின், ஒன்றில் நொதி. அளவும் காலமும் வேறு வேறு. அவற்றை ஒன்றாகக் கட்டி ஆன்டிஆக்சிடன்ட் நல்லது என்று சொல்வது சரியாகாது. ஒளிச் சிகிச்சைக்குத் துணையாகச் சிலருக்கு உதவலாம் என்ற அளவில் நிற்கலாம். கிங்கோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்தாகலாம். பின்லாந்தில் 29,000க்கு மேற்பட்ட புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் முடிவை வெளியிட்டபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. அது வேறு நோய், வேறு உடல்நிலை. ஆனாலும் ஆன்டிஆக்சிடன்ட் என்றால் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையை அது உடைத்துவிட்டது.

உணவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீடுகளில் இதனால் குழந்தைகள் வதைபடுகிறார்கள். வெண்புள்ளி வந்த குழந்தைக்குப் புளிப்பே ஆகாது என்று எலுமிச்சை, நெல்லி, ஆரஞ்சு, தயிர், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. வைட்டமின் சி நிறத்தைக் குறைக்கும் என்ற பயம் ஒரு பக்கம், மீனும் தயிரும் சேரக்கூடாது என்ற பழைய விதி இன்னொரு பக்கம். இப்படிப் பத்தியம் இருந்தால் புள்ளி குறையும் என்பதற்குச் சான்று கிடையாது. ரோம் ஆய்வில் கொடுத்த மாத்திரையிலேயே வைட்டமின் சி இருந்தது. வளரும் பிள்ளையிடமிருந்து பழத்தையும் மீனையும் பறிப்பதால் நோய்க்கு ஒன்றும் ஆவதில்லை. பந்தியில் தனக்கு மட்டும் தனி இலை என்ற எண்ணம்தான் பிள்ளையின் மனத்தில் பதிகிறது.

இனி ஒளி. ஆக்சிஜனேற்றத்தைக் கேட்டுக்கொண்டே வந்தவருக்கு இது முரணாகப் படும். புறஊதாக் கதிர் தோலில் ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருக்குவது. ஆனால் வெண்புள்ளிக்குப் பழமையான மருந்தும் இன்றுவரை நம்பகமான மருந்தும் அதுதான். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்கள். அந்த விதையில் சோராலென் இருக்கிறது. அது ஒளிபட்டதும் வேலை செய்யத் தொடங்கும் பொருள். அளவு தப்பினால் தோல் கொப்பளித்துவிடும். எகிப்தில் நைல் கரையில் வளரும் செடியொன்றிலிருந்து அதே குடும்பப் பொருளைப் பிரித்து, 1940களின் இறுதியில் கெய்ரோவில் எல் மோஃப்டி வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார். 1997இல் நெதர்லாந்தில் வெஸ்டர்ஹாஃப் குழுவினர் 311 நானோமீட்டர் அளவிலான குறுகிய பட்டை யு.வி.பி. ஒளியை மருந்தில்லாமலே கொடுத்துப் பலன் கண்டார்கள். இப்போது பெரிய மருத்துவமனைகளில் ஒளிப்பெட்டிக்குள் நிற்க வைப்பது அந்த ஒளிக்காகத்தான். அது டி செல்களை அடக்குகிறது, மெலனோசைட்டுக்கு முன்னோடியான செல்களை எழுப்பி நகர வைக்கிறது. சிறிதளவு ஆக்சிஜனேற்றத் தொல்லை அதற்கு நாம் கொடுக்கும் விலை. ரோம், நீஸ் ஆய்வாளர்கள் ஆன்டிஆக்சிடன்டை ஒளியோடு சேர்த்துப் பார்த்ததன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது.

எழுப்பப்படும் அந்தச் செல்கள் எங்கிருந்தன? மேல்தோலின் மெலனோசைட்டுகள் எல்லாம் அழிந்த இடத்திலும் முடியின் வேர்க்காலில், தோலுக்குள் சற்று ஆழத்தில், நிறமித் தாய்ச்செல்கள் உயிரோடு இருக்கின்றன. நிறம் திரும்பும்போது திட்டின் நடுவே ஒவ்வொரு முடியைச் சுற்றியும் முதலில் கடுகளவுக் கரும்புள்ளி தோன்றி விரிவது அதனால்தான். அவை ஏன் தப்பின என்பதற்கு, இதுவரை சொன்னதிலேயே விளக்கம் இருக்கிறது. தாய்ச்செல்கள் மெலனின் தயாரிப்பதில்லை. டைரோசினேஸ் இல்லை, அதனால் உள்ளே குயினோன் பிறப்பதில்லை, பெராக்சைடு பெருகுவதில்லை, டி செல் தேடிவரும் அடையாளமும் வெளியே தெரிவதில்லை. வேர்க்கால் பகுதிக்கு நோயெதிர்ப்புச் செல்களை எளிதில் அண்டவிடாத தன்மையும் உண்டு. திட்டுக்குள் முடியே வெளுத்துவிட்டால் பலன் குறைவு என்று மருத்துவர் சொல்வதன் காரணமும் இதுவே.

2022 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்துக் கழகம் ருக்சோலிடினிப் களிம்புக்கு அனுமதி தந்தது. நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே வெண்புள்ளிக்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இது. இன்டர்ஃபெரான் காமாவின் செய்தி செல்லுக்குள் போகும் வழியை அது அடைக்கிறது. இரண்டு பெரிய ஆய்வுகளில், 24 வாரத்தில் முகத்தில் முக்கால் பங்கு முன்னேற்றம் கண்டவர்கள் சுமார் 30 சதவீதம். வெறும் களிம்பு பூசியவர்களில் 7 முதல் 11 சதவீதம். முகத்தில் முடிக்கால்கள் அடர்த்தி. விரல் நுனி, உதடு, உள்ளங்கை ஓரம் போன்ற, முடி இல்லாத இடங்களுக்குக் களிம்பும் ஒளியும் கைகொடுப்பது அரிது. அங்கே வேறிடத்து மெலனோசைட்டுகளைக் கொண்டுவந்து நட்டாக வேண்டும். தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலிலிருந்து செல்களைப் பிரித்து, கரைசலாக்கி, வெளுத்த இடத்தைச் சுரண்டி அதன்மேல் ஊற்றிக் கட்டும் அறுவைச் சிகிச்சை இந்திய மருத்துவமனைகளில் நடக்கிறது. அதற்கு வரும் நோயாளியிடம், கடைசியாகப் புதுப் புள்ளி எப்போது வந்தது என்று மருத்துவர் முதலில் கேட்பார். ஓராண்டு காலமாவது நோய் நகராமல் இருந்தால்தான் கத்தியைத் தொடுவார். வெளுத்த தோலுக்குள் பழைய டி செல்களில் சில நினைவோடு தங்கிவிடுகின்றன. அவை விழித்திருக்கும்போது நடும் மெலனோசைட்டை, முன்பு அங்கே இருந்ததைப்போலவே அடையாளம் கண்டு அழித்துவிடும்.